இட்லிப் பானையில் வெந்த மண்

எங்கள் வீட்டில் இரண்டு இட்லிப் பானைகள் இருந்தன. ஒன்றில் இட்லி வேகும். இன்னொன்றில் மண் வேகும். இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த அந்த வாடகை வீட்டில், எழுபதுகளின் நடுவிலிருந்து பத்து வருஷம், அந்த வெந்த மண்ணில் நான் போட்ட நாற்று ஒன்றுகூட அழுகிச் செத்ததில்லை. அழுகி என்றுதான் சொல்கிறேன். வேறு விதமாகச் சாகடிக்கப் பார்த்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் அந்த ஊரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் கத்தி, கத்தரிக்கோல், துணி எல்லாவற்றையும் ஆவியில் அவித்துக் கிருமி நீக்கி அனுப்புவது பல வருஷம் என் பொறுப்பு. அவிக்காத எதையும் நான் நம்புவதில்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில், கிணற்றடியில் மிளகாயும் தக்காளியும் வைக்கலாமென்று ஒரு மண்சட்டியில் விதை தூவினேன். முளைத்தது. நாலாம் நாள் பார்த்தால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்து கிடந்தன. அக்கம்பக்கத்தில் கேட்டேன். "கண்ணு பட்டுடுச்சு" என்றார் ஒருவர். "பனிம்மா" என்றார் இன்னொருவர். இரண்டும் எனக்கு ஏறவில்லை. ஓரத்தில் ஆரம்பித்து, ஒன்றையொன்று தொட்டபடி, நடுவை நோக்கி வரிசையாகப் படுத்திருந்தன. வார்டில் இப்படி அடுத்தடுத்த கட்டில்காரர்கள் படுத்தால் நாங்கள் கண்ணேறு என்று சொல்வதில்லை, தொற்று என்றுதான் சொல்வோம்.

அன்றே செம்மண், ஆற்று மணல், மக்கிய எரு மூன்றையும் சலித்து, ஈரமாக்கி, பழைய இட்லிப் பானையில் துணி போட்டு அரைமணி நேரம் ஆவியில் வேக வைத்தேன். மருத்துவமனையில் கழித்து ஏலம் விட்டபோது எடுத்து வந்த ஆறு எனாமல் ட்ரேக்கள் இருந்தன, விளிம்பில் நீலக் கோடு போட்டவை. அவற்றைக் கொதிநீரில் கழுவி, வெந்த மண்ணை நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினேன். விதைகளைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த ஊதாத் தண்ணீரில் முக்கி எடுத்து வரிசையாகப் போட்டேன். மேலே, புண்ணுக்குக் கட்டுப்போடும் காஸ் துணியால் மூடி முன் அறை ஜன்னலோரம் வைத்தேன். தண்ணீர் கிணற்றில் இறைத்து, கொதிக்க வைத்து, ஆற வைத்தது. அதையும் சொம்பால் ஊற்றமாட்டேன். மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாஸில் அளந்து, ஊசி கழற்றிய பழைய சிரிஞ்சில் எடுத்து, ஒரு வரிசைக்கு இவ்வளவு என்று விடுவேன். ட்ரேக்களில் துளை கிடையாது. அளவு தெரியாமல் ஊற்றுகிறவர்களுக்குத்தானே துளை வேண்டும்? எனக்கு அளவு தெரியும் என்ற பெருமை நிறையவே இருந்தது.

மண் வேகும் வாசனை வந்தால் பக்கத்து பாய் வீட்டு அம்மா குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார்.

"நர்ஸம்மா, இன்னிக்கி எத்தினி ஈடு?"

"நாலு ஈடு. சட்னி நீங்க அரைச்சுடுங்க."

"உப்பு போட்டீங்களா?"

இருவரும் சிரிப்போம். அப்படிச் சிரித்தவர்தான் முதலில் கிண்ணம் எடுத்துக்கொண்டு மிளகாய் நாற்றுக்கு வந்தார். பிறகு தெருவே வந்தது. எனக்குக் கீழே வேலை செய்த பெண்கள் வந்தார்கள், எங்கள் சர்ச்சில் பாட்டுக்குழுவில் இருந்தவர்கள் வந்தார்கள். "உங்க கை ராசியான கைம்மா" என்று சொல்லாதவர் இல்லை. "ராசியெல்லாம் ஒண்ணுமில்ல, சோப்பு" என்பேன். நான் அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. உண்மையைத்தான் சொன்னேன்.

என் கணவருக்கு டேனரியில் வேலை. பச்சைத் தோலை உப்புத் தடவித்தான் வெளியூர்களிலிருந்து அனுப்புவார்கள். அதைத் தொட்டியில் ஊறப்போட்டு, உப்பையும் அழுக்கையும் கழுவி எடுத்தால்தான் மேற்கொண்டு பதனிட முடியும். அந்த ஊறல் தொட்டிகளைக் கவனிப்பது அவர் வேலை. நாள் முழுவதும் முழங்கை வரை அந்தத் தண்ணீருக்குள் கை இருக்கும். தோலிலிருந்து என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று படித்தவள் நான். அந்தத் தொட்டியில் வேலை செய்தவர்களின் புண்களுக்குக் கட்டுப்போட்டவளும் நான்தான். அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். வந்ததும் நேராகக் கிணற்றடி. கார்பாலிக் சோப்பு. விரலிடுக்கு, நகக்கண், முழங்கை வரை. எங்கள் பெண் பிறந்த பிறகு சட்டம் இன்னும் இறுகியது. கழுவிய கையை இரண்டு பக்கமும் எனக்குக் காட்ட வேண்டும். நான் தலையாட்டிய பிறகுதான் பிள்ளையைத் தூக்கலாம். அவர் வாசற்படியில் நின்று இரண்டு உள்ளங்கையையும் நீட்டி, திருப்பி, மறுபடி நீட்டுவார். நான் தலையாட்டுவேன். பெண்ணுக்கு ஏழு வயதான பிறகும் அது நிற்கவில்லை.

ட்ரேக்கள் விஷயத்தில் தலையாட்டல்கூட இல்லை. கழுவினாலும் சரி, கழுவாவிட்டாலும் சரி, தொடக் கூடாது. "டாக்டரம்மா உத்தரவு" என்று சிரித்துவிட்டுப் போவார். அவருக்குக் கோபமே வராது. எங்கள் வீட்டுக்குத் தேவையான கோபம் முழுவதும் என்னிடமே இருந்தது.

அவர் சொந்த ஊர் ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரம். அண்ணன் குடும்பம் அங்கே நிலக்கடலையும் கத்தரியும் போட்டுக்கொண்டிருந்தது. கத்தரி என்றால் முள்ளுக் கத்தரி. காம்பிலும் காயின் தலையிலும் முள் இருக்கும், பறிக்கும்போது விரலைப் பதம் பார்க்கும். வெந்தால் வெண்ணெயாகக் குழைந்துவிடும். ஆம்பூரில் பிரியாணிக்குக் கத்தரிக்காய் வைக்கிறவர்கள் இந்தக் காயைத்தான் தேடுவார்கள். அந்த வீட்டு விதையைப் பதினைந்து வருஷமாகக் காப்பாற்றி வந்தவர் அண்ணனின் மனைவி, எனக்கு ஓரகத்தி. ஒவ்வொரு வருஷமும் நல்ல காய்ப்புள்ள செடியாகப் பார்த்து, அதில் நாலு காய்க்குச் சிவப்பு நூல் கட்டி, மஞ்சளாகப் பழுக்கும்வரை யாரையும் தொடவிடமாட்டார். விதையைப் பிதுக்கி, சாம்பலில் புரட்டி, காயவைத்து, பித்தளைச் செம்பில் போட்டு, வாயைத் துணியால் வேடு கட்டி வைப்பார். அவரும் ஒரு விதத்தில் என்னைப் போலத்தான். அதனாலேயே எங்களுக்கு அவ்வளவாக ஒத்துப்போகாது.

ஒரு வருஷம் புது வருஷ ஆராதனைக்கு ஊருக்குப் போனபோது, ஓரகத்தி நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தார். பாத்தியில் ஒன்றும் இல்லை. அழுகிய வாசம் மட்டும் இருந்தது.

"மூணு வாட்டி போட்டேன். மூணும் பூட்டுது. இந்த மார்கழிப் பனி கொல்லுது" என்றார். "மேல்தெருவுல கேட்டாச்சு, கீழ்த்தெருவுல கேட்டாச்சு. எல்லாரு வீட்லயும் இதே கதைதான். ஒரு கைப்பிடி மிச்சம் இருக்குது. இதுவும் போச்சுன்னா அப்புறம் கடைல குடுக்கற விதைதான்."

குனிந்து பார்த்தேன். நூலாக இளைத்த தண்டுகள். எனக்குப் பழக்கமான வியாதி.

"குடுங்கக்கா. நான் ட்ரேல போட்டுத் தர்றேன். ஒண்ணுகூடச் சாவாது."

"நீ மண்ணை அவிக்கிறியாமே?"

"ஆமா."

"உயிருள்ள மண்ணும்மா அது."

"அந்த உயிருதான் உங்க நாத்தைத் தின்னுச்சு."

அண்ணன் சிரித்துவிட்டார். ஓரகத்தி சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் செம்பை எடுத்து வந்து, வேடு கட்டிய துணியை அவிழ்த்து, விதையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாதி வெச்சுக்கட்டுமா?"

"பாதிய வெச்சு இந்தப் பனியில இன்னா பண்ணுவீங்க? முழுசும் குடுங்க."

கொடுத்தார். செம்பைக் கவிழ்த்து, அடியில் தட்டி, ஒட்டியிருந்த இரண்டு விதையையும் விரலால் எடுத்துப் போட்டார். அந்த 'முழுசும்' என்ற வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்தேன். அன்று நினைக்கவில்லை. மாதனூரில் பஸ் மாறும்போதுகூட மடியில் இருந்த பொட்டலத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு வந்தேன்.

விதை போட்ட ஒன்பதாம் நாள் ஆறு ட்ரேயும் பச்சை. நான் ஊருக்கு அஞ்சலட்டை எழுதினேன்: "எல்லாம் முளைத்துவிட்டது. நிலத்தை உழுது வைக்கவும்." மார்கழி கழிந்து தையும் பாதி ஆயிற்று. ஒரு தண்டுகூட இளைக்கவில்லை. சிரிஞ்சும் அவுன்ஸ் கிளாஸுமாக நான் காலையும் மாலையும் ரவுண்ட்ஸ் போனேன். நோட்டில் தேதி போட்டு, எந்த ட்ரேக்கு எவ்வளவு தண்ணீர் என்று எழுதினேன். பாய் வீட்டு அம்மா வந்து பார்த்து, "மாஷா அல்லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது இலை விட்ட பிறகு நாற்று நின்றுவிட்டது. நேற்று இருந்த உயரம்தான் இன்றும். இலையின் ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பாகச் சுருண்டது. மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு படலம் பூத்தது. பூஞ்சணம் என்று முடிவு கட்டினேன். வெள்ளையாக, மெல்லிசாக, ஈர மண்ணில் பூப்பது வேறென்னவாக இருக்கும்? ஸ்பூனால் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் ஊதாத் தண்ணீரை ஒற்றினேன். இரண்டே நாளில் மறுபடி பூத்தது. என் தண்ணீரில்தான் கிருமி தப்பி வருகிறது என்று நினைத்து, பத்து நிமிஷம் கொதிக்கவைத்ததை அரைமணியாக்கினேன். ஒரு குண்டான் வைத்தால் முக்கால் குண்டான்தான் மிஞ்சும். ஈரம் அதிகமோ என்று தண்ணீரின் அளவையும் குறைத்தேன். வைத்தியம் ஏறஏற நோய் ஏறியது. நான் விடவில்லை. வெள்ளை மட்டும் விடாமல் பூத்துக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் ஒரு மாலை, கை கழுவிக் காட்டிவிட்டு உள்ளே வந்த என் கணவர், முன் அறை வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார்.

"அந்த வெள்ளையா இருக்குது பாரு, அது..."

"நீங்க அங்கயே நில்லுங்க. கிட்ட வராதீங்க."

"வரலம்மா. சொல்ல வந்தேன்."

"எனக்குத் தெரியும்."

அவர் போய்விட்டார். எனக்குத் தெரியாது என்பது எனக்கே தெரிந்துகொண்டிருந்த நேரம் அது. அதனால்தான் அவ்வளவு வேகமாகச் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை ஓரகத்தி வந்தார். ஆம்பூரில் ஏதோ சாமான் வாங்க வந்தவர், ஒரு பை நிலக்கடலையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். நான் முந்திக்கொண்டு போய் ஆறு ட்ரேக்கும் காஸ் துணியை இழுத்து மூடினேன்.

"எங்கே, காட்டு."

"இப்ப துணியை எடுக்கக் கூடாதுக்கா. காத்து பட்டாக் கெட்டுடும். நல்லா இருக்குது."

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. திட்டிப் பழக்கம், எதிர்த்துப் பேசிப் பழக்கம், பொய் பழக்கமில்லை. முகம் சூடாகிவிட்டது. அவர் ட்ரேக்களின் முன்னால் நின்று, சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் செய்தார். வியாதிக்காரரின் கட்டிலருகே நின்று செய்கிற மாதிரியே இருந்தது. அந்த வெள்ளைத் துணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்த நான் ஆமென் சொன்னேன்.

எங்கள் ஊர் டேனரிகள் பலவற்றில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. எனக்கு ஞாயிறு. ஆகவே வெள்ளியன்று என் கணவர் மட்டும் வீட்டில் இருப்பார். அடுத்த வெள்ளி, காலை டியூட்டி முடிந்து இரண்டு மணிக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் முன் அறையில் குந்தியிருந்தார். மூன்று ட்ரேக்களின் துணியை எடுத்திருந்தார். ஆள்காட்டி விரல் அவர் வாயில் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் பாய் வீட்டு அம்மா சுவருக்கு வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க? கையைக் கழுவுனீங்களா? அது எங்க அக்காவோட விதை. ஒரே ஒரு கைப்பிடி. உலகத்துல வேற இல்ல. உங்க ஊறல் தொட்டிக் கையை அதுல வெக்கிறீங்களே!"

அவர் விரலை எடுத்தார். கோபமே இல்லாமல் என்னைப் பார்த்தார்.

"உப்பும்மா" என்றார்.

"இன்னாது?"

"இது பூசணம் இல்ல, உப்பு. தோலு லாரில வந்து எறங்கும்போது இப்டித்தான் மேல வெள்ளையா பூத்திருக்கும். தெனமும் பாக்கறேனே."

நான் நம்பவில்லை. மண்ணை எப்படி வாயில் வைப்பது என்று தயங்கினேன்.

"அவிச்ச மண்ணுதானே? வெச்சுப் பாரு" என்றார்.

வைத்துப் பார்த்தேன். கடற்கரை மணலைக் கடித்த மாதிரி கரித்தது. சமையலறைக்குப் போய், அரைமணி கொதித்து ஆறியிருந்த தண்ணீரை ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன். விழுங்க முடியவில்லை. கிணற்றடிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரை ருசி பார்த்தேன். அது கொதித்ததைவிடக் கரிப்புக் கம்மி.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. எங்கள் தெருவில் யாரும் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதில்லை. பாலாற்றில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் கொண்டுவருவோம். டேனரி ஊரில் கிணறு கரிக்கும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். மற்ற வருஷங்களில் நான் ஆடி, ஆவணியில் விதை போட்டேன். கிணற்றில் மழைத் தண்ணீர் கலந்திருந்தது. இந்த வருஷம்தான், ஐப்பசி மழையும் பொய்த்து, கிணறு இறங்கிக்கொண்டே போன காலத்தில் நாற்று வளர்த்தேன். என் புத்தியில் தண்ணீருக்கு இரண்டே ஜாதி, கொதித்தது, கொதிக்காதது. கொதித்தால் கிருமி சாகும். உப்பு சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு அப்படியே மிஞ்சும். அதை அளந்து அளந்து, துளையில்லாத ட்ரேயில், ஒரு சொட்டுகூட வெளியே போய்விடாதபடி அந்தப் பிஞ்சுகளுக்குப் புகட்டியிருக்கிறேன். உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கிற முட்டாள்தனம் ஒரு நர்ஸுக்குத்தான் வரும்.

நான் கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதேன். கொஞ்சம்தான். அழுகிற நேரத்தில் செய்ய வேண்டிய வேலை நிற்கும் என்பது வார்டில் படித்த பாடம்.

"இன்னா பண்ணலாம் சொல்லுங்க" என்றேன். கல்யாணமாகி அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"தோலுக்குச் செய்யறதுதான். ஒரு தண்ணியில உப்பு போவாது. மூணு தண்ணி மாத்தணும். ஒவ்வொரு தண்ணியும் வெளிய வரும்போது நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பாத்தா தெரியும், எத்தினி இருக்குதுன்னு."

"தோல் ஊறுன தண்ணியை நாக்குல வெப்பீங்களா?"

அவர் வானத்தைப் பார்த்தார். ஏழு வருஷமாகக் கையைச் சோதித்தவள் நாக்கைச் சோதிக்க மறந்துவிட்டேன்! அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"அவ்ளோ தண்ணி ஊத்துனா அழுகிடும்" என்றேன்.

"அழுகுனா உன் வியாதி. காஞ்சா என் உப்பு. எது வேணும்?"

"ஊத்துங்க."

ட்ரேக்களை ஒவ்வொன்றாக முற்றத்தில் செங்கல் மேல் சாய்த்து வைத்தார். ஆணியும் சுத்தியலும் எடுத்து, தாழ்ந்த பக்கத்து மூலையில் துளை போட்டார். எனாமல் சில்லுசில்லாகத் தெறித்தது. ஒவ்வொரு அடிக்கும் நாற்று நடுங்கியது, நானும் நடுங்கினேன். பிறகு சைக்கிளில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, விரல்களைச் சல்லடையாக விரித்துப் பிடித்து, அதன் வழியாக மெதுவாக ஊற்றினார். மூலையில் வழிந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "ஜாஸ்தி" என்றார். அன்று மாலை ஒரு தண்ணீர், மறுநாள் வேலைக்குப் போகும் முன் ஒன்று, வந்த பிறகு ஒன்று. இரண்டாவது தண்ணீரை நானும் ருசி பார்த்தேன். "கம்மி" என்றோம் இருவரும். மூன்றாவதில் அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நாக்கைப் புரட்டினார். "போச்சு" என்றார்.

இரண்டு ட்ரே பிழைக்கவில்லை. அவற்றில் தண்டே வெந்துபோயிருந்தது. மற்ற நாலும் ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தன. நான் காஸ் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலை வெயிலில் வைத்து, மாலையில் உள்ளே எடுத்து, காற்றோட்டம் பார்த்து, என் பக்கத்து வியாதி வராமல் காத்தேன். அதில் நான் கெட்டிக்காரிதான், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. எட்டாம் நாள், சுருண்ட பழைய இலைகளுக்கு நடுவில் நகக்கண் அளவு புது இலை. ஓரத்தில் பழுப்பு இல்லை. ஒரு வாரம் கழித்து அந்த இலையின் நரம்பைத் தடவிப் பார்த்தேன். சின்னதாக ஒரு முள் குத்தியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பாய் வீட்டு அம்மாவைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு, அவர் விரலிலும் குத்தவைத்துக் காட்டினேன்.

மாசிக் கடைசியில் நாலு ட்ரேயையும் துணியில் கட்டி, மூன்று பேரும் பஸ் ஏறினோம். நிலத்தில் வரிசையாக மண் அணைத்துப் பார் பிடித்துத் தண்ணீர் விட்டு வைத்திருந்தார்கள். ஓரகத்தி ட்ரேக்களைப் பார்த்தார். மூலையில் இருந்த துளைகளையும் பார்த்தார். நாலுதானா என்று கேட்கவில்லை. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா, ஆறுல ரெண்டை நான் கொன்னுட்டேன். அன்னிக்கு நீங்க ஜெபம் பண்ணப்போ உள்ள எல்லாமே செத்துக்கிட்டு இருந்துச்சு. நல்லா இருக்குதுன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்மா" என்றார். "தெரிஞ்சுதான் ஜெபம் பண்ணேன்."

பிறகு ஒரு நாற்றை வேரோடு எடுத்து, தூரைத் தடவிப் பார்த்து, என்னிடம் நீட்டினார். "இருந்தாலும் உன் கை ராசியான கை. மொத நாத்து நீ நடு."

"என் கை இல்லக்கா. காப்பாத்துனது அவர் கை. அவர் நடட்டும்."

வாழ்நாளில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்த பெருமை அது ஒன்றுதான். விட்டுக்கொடுத்ததிலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாற்றை வாங்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் அங்கே இல்லை. வாய்க்கால் ஓரம் குந்தியிருந்தார். சேற்றில் இறங்கப் போகிற மனுஷன், கை கழுவிக்கொண்டிருந்தார். விரலிடுக்கு, நகக்கண், முழங்கை வரை. சோப்பு இல்லாததால் மண்ணைப் போட்டுத் தேய்த்தார். எழுந்து வந்து, அண்ணன், அண்ணி, எங்கள் பெண் எல்லோரும் பார்த்திருக்க, என் முன்னால் நின்று இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார். திருப்பினார். மறுபடி நீட்டினார். அவர் அதை நினைத்துச் செய்யவில்லை. முகத்தில் கேலியும் இல்லை, வருத்தமும் இல்லை. நான் தலையாட்டுவதற்காகச் சும்மா காத்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல் வெட்கமாக இருந்தது. உப்பில் ஊறி வெளுத்து, ரேகையெல்லாம் வெடித்திருந்த அந்தக் கைகளை ஏழு வருஷமாகத் தினமும் பார்த்தவள் நான். சுத்தமா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

என்னால் தலையாட்ட முடியவில்லை. நாற்றை அந்தக் கையில் வைத்தேன். அவர் குனிந்து நட்டார்.